வேத்தியலும் பொதுவியலும்: நரம்பிசை நால்வர் குழு மக்களிடம் சென்ற வரலாறு

முன்னுரை

கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இருவகைப்படுத்திக் கூறுதல் பழந்தமிழ் மரபு. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இப்பகுப்பினைக் குறிக்கின்றன. வேந்தன் அவைக்கு உரியது வேத்தியல். ஊர்மக்கள் அனைவர்க்கும் உரியது பொதுவியல். இப்பகுப்புக் கலையின் இயல்பைப் பற்றியதா, அன்றி அதனைக் காண்போரையும் கேட்போரையும் பற்றியதா என்பது ஆராய்தற்குரியது. அவைக்கென எழுந்த ஒரு கலை, தன் நுட்பத்திற் சிறிதும் குறையாமல் ஊர்மக்கள் நடுவில் வாழ இயலுமா? இயலுமெனின் அஃது எவ்வழியால் இயலும்?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு மேலைநாட்டு இசை வரலாறு ஒரு தெளிவான சான்றினை நல்குகின்றது. இரண்டு வயலின்களும் ஒரு வியோலாவும் ஒரு செல்லோவும் கூடி இசைக்கும் நரம்பிசை நால்வர் குழுவே அச்சான்று. ‘ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ என மேலைநாட்டார் வழங்கும் இக்குழுவின் இசை, ‘சேம்பர் மியூசிக்’ எனப்படும் சிற்றரங்க இசையின் முடிமணியாகக் கருதப்படுவது. மாளிகையின் உள்ளறையிற் பிறந்த இவ்விசை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், படிப்படியாகப் பொது மண்டபத்திற்கும், தொழிலாளர் வாழும் பகுதிக்கும், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்களின் தெருவிற்கும் சென்று சேர்ந்தது. அச்செலவின் நிலைகளை ஆராய்ந்து, ஒவ்வொரு நிலையிலும் கையாளப்பட்ட வழி யாது, அதனால் விளைந்த பயன் யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நால்வர் இசையின் அமைப்பு

வயலின், வியோலா, செல்லோ ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துக் கருவிகள். ஒவ்வொன்றும் நான்கு நரம்புகளை உடையது. ஆகவே குழுவின் இசை முழுவதும் 16 நரம்புகளின்மேல் எழுவதாகும். வியோலா வயலினினும் சற்றுப் பெரியது; அதன் சுருதி, ச–ப என நாம் கூறுவதும் பண்டையோர் குரல்–இளி எனக் கூறியதுமாகிய இடைவெளியளவு வயலினுக்குத் தாழ்ந்தது. செல்லோ அவ்வியோலாவினும் ஒரு தாயி தாழ்ந்து ஒலிப்பது. இசைப்போர் அமர்ந்து முழந்தாள்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பது.

வயலின் நமக்குப் புதிய கருவியன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் அதனைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார் என்பர். எனினும், கருவி ஒன்றாயினும் அதனைக் கையாளும் முறை வேறு. நம் இசையரங்கில் பாடுவோர் தலைமை பூண்பர்; வயலின் அப்பாட்டினை நிழல்போலத் தொடரும். நால்வர் குழுவிலோ நான்கு கருவிகளும் ஒரே நேரத்தில் நான்கு வேறு இசை வழிகளிற் செல்லும். ஒன்று கூற மற்றொன்று மறுமொழி தரும். ஒன்று தாழ மற்றொன்று எழும். இந்நான்கும் ஒருங்கே கேட்கும்போது பிறக்கும் ஒத்திசைவே இதன் சுவை. அறிவுடையார் நால்வர் தம்முள் உரையாடுவதை ஒத்தது இவ்விசை என்று செருமானியப் புலவர் கெதே ஒரு மடலில் குறித்தார்.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, பெரிய இசைக்குழுவிற் போல இதில் கோல் ஏந்தி நடத்துவார் எவரும் இலர். கண்ணாலும், மூச்சாலும், வில்லின் அசைவாலுமே நால்வரும் தம்முள் குறிப்பறிந்து இசைக்க வேண்டும். ஆதலின் ஒருவர் குரலை ஒருவர் கேட்டல் இதற்கு உயிர்நிலையாகும். மற்றொன்று, ஒவ்வொரு வழிக்கும் ஒரே கருவி நிற்பதால், அதன் நுட்பங்களை உணர இசைப்போர்க்கு அண்மையில் அமர்தல் வேண்டும். இவ்வண்மையே இவ்விசையின் வலிமை. பலரிடம் செல்வதற்கு இதுவே தடையுமாயிற்று. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்வண்மையை இழவாமல் பன்மையை அடைய மேற்கொண்ட முயற்சியின் வரலாறே எனலாம்.

மாளிகையிற் பிறப்பு

நால்வர் இசைக்கு நிலையான வடிவம் தந்தவர் யோசப் ஐடன் (1732–1809). அவர் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். 1750-களில், வியன்னாவிற்குச் சற்றுத் தொலைவிலுள்ள வைன்சியர்ல் என்னும் ஊரிலிருந்த தம் மாளிகைக்கு ஃபூர்ன்பெர்க் என்னும் பெருநிலக்கிழார் அவரை அழைத்தார். அங்குக் கூடி இசைத்தவர் நால்வர்: ஊர்க் கோயிலின் பாதிரியார் ஒருவர்; நிலக்கிழாரின் பண்ணை மேற்பார்வையாளர் ஒருவர்; செல்லோ வாசித்த ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் ஒருவர்; இளைஞராகிய ஐடன் ஒருவர். இந்நால்வரும் இசைத்தற்கென நிலக்கிழார் கேட்டுக்கொண்டபடி ஐடன் இயற்றியவையே அவருடைய முதல் நால்வர் இசையமைப்புகள் என்று அவர் வரலாற்றை அவர் வாய்மொழி கேட்டு எழுதிய கிரீசிங்கர் கூறுவர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. மாளிகை நிலக்கிழாருடையதாயினும், இசைத்தவருள் இருவர் இசையைத் தொழிலாகக் கொண்டவரல்லர். வேறு பணி உடையவர். பிறர் கேட்க நிகழ்த்துதற்கு முன்னரே, தாம் கூடி மகிழ்தற்கு எழுந்தது இவ்விசை. எனவே இதன் கருவில் வேத்தியலும் பொதுவியலும் ஒருங்கே இருந்தன.

1761-ஆம் ஆண்டு முதல் ஐடன் எஸ்தர்ஹாசி குடும்பத்தாரின் பணியில் அமர்ந்தார். அக்குடும்பத்துப் பணியாளர்க்குரிய சீருடை அணிந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்குப் பணிபுரிந்தார். அவர் இயற்றிய நால்வர் இசையமைப்புகள் 68 என இன்று கணக்கிடுவர். அவருக்குப் பின் வந்த பேத்தோவன் (1770–1827) 1806-இல் இயற்றிய புகழ்பெற்ற மூன்று நால்வர் இசையமைப்புகளும் வியன்னாவிலிருந்த உருசியத் தூதர் ரசுமோவ்ஸ்கியின் வேண்டுகோளால் எழுந்தவை. அத்தூதர் 1808-இல் தம் மாளிகையில் நால்வர் குழு ஒன்றினை ஊதியம் தந்து நிறுவினார். புரவலரின் ஆதரவு இன்றி இக்கலை இவ்வளவு உயர்ந்திராது. ஆயினும் அப்புரவலரின் வாயிலே கேட்போரின் எல்லையாகவும் அமைந்தது.

வாயில் திறத்தல்

1790-இல் எஸ்தர்ஹாசித் தலைவர் மறைந்தபின், ஐடன் சாலமன் என்னும் வயலின் கலைஞரின் அழைப்பினை ஏற்று இலண்டனுக்குச் சென்றார். அங்கே ஆனோவர் சதுக்க மண்டபத்தில், கட்டணம் செலுத்தியோர் எவரும் வந்து கேட்கலாம். அவருடைய இரண்டாம் பயணத்திற்கு முன், 1793-இல் ஆறு நால்வர் இசையமைப்புகளை அவர் இயற்றினார். மாளிகைக்கென முன்னர் எழுதியவற்றிற்கும் இவற்றிற்கும் வேறுபாடு உண்டு. இவற்றுட் பல, உரத்த ஒலிகளோடு தொடங்குகின்றன. மண்டபத்தில் பேசிக்கொண்டிருக்கும் மக்களை அமைதியுறச் செய்து, ‘இனிக் கேண்மின்’ என்று கூறுவது போன்றவை அவ்வொலிகள். நாடகத் தொடக்கத்தில் முழவு ஒலித்து அவையோரை விளித்தலை இதனோடு ஒப்பிடலாம். வாயிலை மாற்றிய ஐடன் உள்ளிருக்கும் பொருளை எளிமைப்படுத்தவில்லை. அவ்விசையமைப்புகளின் உட்பகுதிகள் முன்னையவற்றினும் செறிவு மிக்கனவேயன்றிக் குறைந்தன அல்ல.

வியன்னாவில் 1804–05 குளிர்காலத்தில் சுப்பான்சிக் என்னும் வயலின் கலைஞர், கட்டணம் செலுத்தி எவரும் கேட்கத்தக்க நால்வர் இசை நிகழ்ச்சிகளை வரிசையாக நடத்தினார். நால்வர் இசைக்கென்றே அமைந்த பொது நிகழ்ச்சிகளுள் இவையே முதலாவன என்று இசை வரலாற்றார் கருதுவர். பேத்தோவனின் நண்பராகிய இவரே பின்னர் ரசுமோவ்ஸ்கி மாளிகைக் குழுவிற்கும் தலைவராயினார். ஆதலின் ஒரே கலைஞர் இரு அவைகளுக்கும் உரியவராக விளங்கினார் என்பது தெளிவு.

பொது அவை எப்போதும் உடனே பாராட்டியதில்லை. 1825 மார்ச்சுத் திங்களில் பேத்தோவனின் 127 எனும் எண் கொண்ட படைப்பினைச் சுப்பான்சிக் குழு முதன்முறை இசைத்தபோது, கேட்டோர் அதனை ஏற்கவில்லை. அதன்பின் போயெம் என்னும் மற்றொரு வயலின் கலைஞர் அதனை மேற்கொண்டு பயின்றார். செவிப்புலன் முற்றும் இழந்திருந்த பேத்தோவன் பயிற்சியின்போது அருகமர்ந்து, வில்களின் அசைவினைக் கண்ணால் நோக்கியே குறைகளைத் திருத்தினார் எனப் போயெம் கூறியுள்ளார். அவர் அதனை மீண்டும் மீண்டும் மன்றேற்றியபோது அதே நகரத்து மக்கள் அதனை வரவேற்றனர். பாடத்தை இருமுறை கேட்பின் பிழை நீங்கும் என நன்னூலார் மாணாக்கனுக்குக் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது. அரிய கலைக்கு மக்கள் தகுதியற்றவர் என்னும் முடிவு பெரும்பாலும் ஒருமுறை மட்டும் கேட்பித்தோரின் முடிவாகும்.

உரையும் விலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் இருவகை முயற்சிகள் எழுந்தன. அவற்றை உரைவழி என்றும் விலைவழி என்றும் கூறலாம்.

1845-இல் யான் எல்லா என்பார் ‘மியூசிக்கல் யூனியன்’ என்னும் கழகத்தை நிறுவினார். அது 1881 வரை நிகழ்ந்தது. அவர் இசைப்போரை அரங்கின் ஒருபுறத்து மேடையில் அமர்த்தாமல் நடுவில் அமர்த்திச் சுற்றிலும் கேட்போரை அமர்த்தினார். அதனால் பலர் கூடியவிடத்தும் அண்மை காக்கப்பட்டது. மேலும், இசைக்கப்படும் படைப்பின் அமைப்பினை விளக்கும் குறிப்பொன்றை, அதன் தலைமையான இசைத்தொடர்களைக் குறியீட்டுடன் சேர்த்து அச்சிட்டு, நிகழ்ச்சிக்கு முன்னரே உறுப்பினர்க்கு அனுப்பினார். இசையின்போது அமைதி காக்க வேண்டுமென வற்புறுத்தினார். நம் உரையாசிரியர் நூலுக்குச் செய்த தொண்டினை எல்லா இசைக்குச் செய்தார் எனலாம். ஆயினும் அக்கழகத்தின் உறுப்பினர் பெரும்பாலும் செல்வரும் உயர்குடியினருமே. உரை கிடைத்தது, ஆனால் உரை வேண்டியவர் அனைவர்க்கும் கிடைக்கவில்லை.

இக்குறையை நீக்க முற்பட்டது 1859-இல் தொடங்கிய திங்கட்கிழமைப் பொதுமக்கள் இசை நிகழ்ச்சி. அது புனித யேம்சு மண்டபத்தில் நடைபெற்றது. அம்மண்டபம் ஏறத்தாழ 2,000 பேர் அமரத்தக்கது. அங்கு ஒரு ஷில்லிங் கொடுத்தும் இடம் பெறலாம். யோவாக்கிம், பியாட்டி முதலிய தலைசிறந்த கலைஞர் அங்கு நால்வர் இசை இசைத்தனர். ஐடன், மோட்சார்ட், பேத்தோவன் ஆகியோரின் முழுப் படைப்புகளைத் தந்து, அந்நிகழ்ச்சி நாற்பது ஆண்டளவு நிலைபெற்றது. குறைந்த விலைக்குக் குறைந்த பொருளைத் தருதல் வேண்டும் என்னும் வணிகர் கொள்கை இங்குப் பொய்யாயிற்று.

எனினும் விலைவழிக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டாயிரவர் கூடிய மண்டபத்தின் கடைக்கோடியில் அமர்ந்தார்க்கு அண்மை என்பது இல்லை. அன்றியும் நகரத்தின் நடுவிலிருந்த மண்டபத்திற்குத் தொழிலாளர் தம் பகுதியிலிருந்து வருதல் வேண்டும். இதனை உணர்ந்தோர் 1878-இல் மக்கள் இசைக் கழகம் ஒன்றனை அமைத்து, இலண்டனின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளுக்கே சிற்றரங்க இசையை எடுத்துச் சென்றனர். 1887-இல் சவுத் பிளேசு என்னுமிடத்தில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை இசை நிகழ்ச்சி, 1929 முதல் கான்வே மண்டபத்திற்கு மாறி இன்றும் தொடர்கின்றது. ஓய்வு நாளில், தலைமுறை தலைமுறையாக நடைபெற்றமையே அதன் சிறப்பு. இங்கு மூன்றாவது வழியின் தொடக்கத்தினைக் காண்கின்றோம்.

ஊரார் தந்த கொடை

இதுகாறும் கூறியவற்றால், கலைஞர் கொடுப்போர் என்றும் மக்கள் பெறுவோர் என்றும் ஓர் எண்ணம் எழலாம். வரலாறு அவ்வாறு இல்லை. மக்களும் நால்வர் இசைக்குக் கொடுத்துள்ளனர்.

செக் நாட்டு இசையமைப்பாளர் துவோர்சாக் 1892-இல் நியூயார்க்கின் தேசிய இசைப்பள்ளிக்குத் தலைவராக வந்தார். 1893 கோடையில் அயோவா மாநிலத்திலுள்ள சுபில்வில் என்னும் சிற்றூருக்குச் சென்று தங்கினார். அது செக் மக்கள் குடியேறி வாழ்ந்த ஊர். அங்குச் சென்ற சில நாட்களில் எழுதத் தொடங்கி, யூன் 23-ஆம் நாள் ஒரு நால்வர் இசையமைப்பினை முடித்தார். ‘அமெரிக்க’ நால்வர் இசை என இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே. அதனை முதன்முதல் இசைத்துப் பார்த்தவர் தொழிற்கலைஞர் அல்லர். துவோர்சாக்கே முதல் வயலின் ஏந்த, ஊர்ப்பள்ளி ஆசிரியராகிய கோவாரிக்கும் அவர் மகனும் மகளும் ஏனைய மூன்று கருவிகளையும் ஏந்தினர். 1894 சனவரி முதல் நாளன்று பாஸ்டன் நகரில் நைசல் குழு அதனைப் பொது அரங்கேற்றியது அதன் பின்னரே. வைன்சியர்ல் மாளிகையில் பாதிரியாரும் மேற்பார்வையாளரும் செய்ததை, நூற்றாண்டிற்குப் பின் ஒரு சிற்றூர் ஆசிரியர் குடும்பம் செய்தது. மாளிகை மட்டுமே மறைந்தது. கூடி இசைத்தல் மறையவில்லை.

அங்கேரி நாட்டுப் பேலா பார்டோக் (1881–1945) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் நண்பர் கோடாயும் தாமுமாக ஊர்ஊராகச் சென்று, உழவர் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியிற் பதிந்து தொகுத்தார். அப்பாடல்களின் பண்ணமைதியும் தாள நடையும் அவர் இயற்றிய ஆறு நால்வர் இசையமைப்புகளின் உள்ளுறையாயின. அவர் உழவர் பாடலை எடுத்து மேற்பூச்சாகப் பூசவில்லை. அதன் இலக்கணத்தையே நால்வர் இசைக்குப் புது இலக்கணமாக்கினார்.

இதே நெறியில் இக்காலத்துக் குரோனாசுக் குழு செல்கின்றது. வியட்நாம் போர்க்காலத்தில் யார்ச் கிரம்பு இயற்றிய ‘கரிய வானவர்’ என்னும் படைப்பினைக் கேட்டு உள்ளம் உருகிய தாவீது ஆரிங்டன் 1973-இல் சியாட்டில் நகரில் இக்குழுவினைத் தொடங்கினார். ஆப்பிரிக்க நாட்டு இசையமைப்பாளர் படைப்புகளை மட்டும் கொண்ட இசைத்தொகுதி ஒன்றை 1992-இல் இது வெளியிட்டது. 2015-இல் பல நாட்டு இசையமைப்பாளரிடம் 50 புதிய படைப்புகளைக் கேட்டு எழுதுவித்து, அவற்றின் இசைக்குறியீட்டு ஏடுகளை மாணவர் எவரும் விலையின்றிப் பெறுமாறு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நாட்டு மாளிகையின் வடிவம் பல நாட்டாரின் பொதுமொழியாக மாறியமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

உடனுறைதல்

உரையும் விலையும் ஆகிய இரு வழிகளிலும் கலைஞர் வந்து, இசைத்து, மீள்வர். மூன்றாவது வழி, மீளாது உடனுறைதல். இதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் உரோடு ஐலண்டு மாநிலத் தலைநகராகிய பிராவிடன்சில் உள்ளது.

நெசவாலைகளாலும் அணிகலன் தொழிலாலும் ஒருகாலத்தில் செழித்திருந்த அந்நகரின் மேற்குப் பகுதியிலும் தென்பகுதியிலும், இலத்தீன் அமெரிக்க, ஆப்பிரிக்க, தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து குடியேறிய மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். பலர் பொருளாற் குறைந்தவர். பிரௌன் பல்கலைக்கழகத்திற் பயின்று வெளிவந்த செபாஸ்டியன் ரூத் என்னும் வயலின் கலைஞர், 1997-இல் அங்குக் ‘கம்யூனிட்டி மியூசிக்வொர்க்சு’ என்னும் அமைப்பினைத் தொடங்கினார். பிராவிடன்சு நரம்பிசை நால்வர் குழு அதன் நடுநாயகமாயிற்று.

அக்குழுவினர் நகர மண்டபத்தில் தங்கள் இருப்பிடத்தை அமைத்துக்கொள்ளவில்லை. தெருவை நோக்கிய கடையறை ஒன்றனையே தம் பயிற்சிக் கூடமாகக் கொண்டனர். தெருவிற் செல்வோர் கண்ணாடி வழியே அவர்கள் பயில்வதைக் காணலாம். அரங்கேற்றத்தை மட்டும் காண்பவன் முடிந்த முடிபினையே காண்பான். பயிற்சியைக் காண்பவன், பிழையும் திருத்தமும் உடன்பாடும் மறுப்பும் கூடிக் கலை உருவாவதைக் காண்பான். மருந்துக்கடை, தையற்கடை போல இசையும் தெருவின் தொழில்களுள் ஒன்றாயிற்று.

அதே கலைஞர் அத்தெருக்களின் சிறுவர்க்கு ஆசிரியருமாயினர். பாடத்திற்குக் கட்டணமில்லை, கருவியும் இரவலாக அளிக்கப்படும். சிறுவர் சில திங்கள் பயின்று நீங்குவது அன்று. பள்ளிப் பருவம் முழுவதும் தொடர்ந்து பயிலலாம். மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் கூடும் இசை விருந்துகளில் குடும்பங்கள் உணவு பகிர்ந்து உண்ணும். தொடக்க மாணவரின் எளிய பாடமும் நால்வர் குழுவின் அரிய படைப்பும் ஒரே மாலையில் ஒலிக்கும். முதிர்ந்த மாணவர் தமக்குள் நால்வர் குழு அமைத்துப் பயில்வதோடு, தம் வாழ்வையும் சமுதாயத்தையும் பற்றிக் கலந்துரையாடவும் செய்வர். கலை மனிதனின் கற்பனையை எழுப்பி, ‘வேறு வகையாகவும் வாழலாம்’ என்னும் எண்ணத்தைத் தரும் என்று கூறிய கல்வி மெய்யியலார் மேக்சின் கிரீனின் கருத்துகள் ரூத்துக்கு வழிகாட்டின.

2010-இல் மெக்கார்தர் அறக்கட்டளை ரூத்துக்குத் தன் சிறப்பு நல்கையினை வழங்கியது. அதனினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. அக்குழுவில் வயலின் இசைத்த யெசி மான்ட்கோமரி, அவ்வமைப்பின் கலைஞர்க்கென 2006-இல் ‘ஸ்ட்ரம்’ என்னும் படைப்பினை இயற்றினார். வில்லினை விடுத்து விரல்களால் நரம்புகளை வருடி மீட்டும் முறை அதன் அடிப்படை. அமெரிக்க நாட்டுப்புற இசையின் நடை அதிற் பயில்கின்றது. 2012-இல் நால்வர் குழுவிற்கெனத் திருத்தம் பெற்ற அப்படைப்பு இன்று பல நாட்டு அரங்குகளில் ஒலிக்கின்றது. மான்ட்கோமரி 2021 முதல் 2024 வரை சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவின் உறைவிட இசையமைப்பாளராக விளங்கினார். தெருவிற்கு இசை சென்றது. தெருவிலிருந்து இசை பேரரங்கிற்கு மீண்டது.

மறுப்பும் விடையும்

இம்முயற்சிகள்மீது மூன்று மறுப்புகள் கூறப்படலாம். அவற்றை ஆராயாது விடுதல் முறையன்று.

முதலாவது, மக்களிடம் செல்லும் கலை தன் செறிவினை இழக்கும் என்பது. மேற்காட்டிய சான்றுகள் இதற்கு மாறானவை. ஐடன் தொடக்கத்தை மாற்றினார். எல்லா இருக்கையை மாற்றினார். திங்கட்கிழமை நிகழ்ச்சியார் விலையை மாற்றினர். ரூத் இடத்தை மாற்றினார். இசையின் செறிவினை இவருள் எவரும் குறைத்திலர். இழப்பு நேர்வது மக்களிடம் செல்வதால் அன்று. மக்களைக் குறைத்து மதிப்பிடுவதால்.

இரண்டாவது, ஐரோப்பிய மாளிகையின் இசையைப் பிற நாட்டிலிருந்து வந்த மக்கள்மேல் ஏற்றுவது மேலாதிக்கமாகாதோ என்பது. இது வலிமையுடைய மறுப்பு. ‘உங்கள் இசை தாழ்ந்தது, இதுவே உயர்ந்தது’ என்னும் எண்ணத்துடன் செல்வார்க்கு இது பொருந்தும். இதற்கு விடை சொல்லில் இல்லை, செயலில் உள்ளது. உடனுறைவோர் கேட்பிப்பதோடு கேட்கவும் வேண்டும். சுபில்வில்லில் துவோர்சாக்கும், அங்கேரிய ஊர்களில் பார்டோக்கும் முதலிற் கேட்டனர், பின்னரே எழுதினர். கொள்வினையின்றிக் கொடுப்பினை மட்டும் உடையதாயின் அக்கொடை நீடித்து நில்லாது.

மூன்றாவது, இவ்வழி மிகச் சிலர்க்கே பயன்படும் என்பது. நால்வர் ஓர் ஊரில் தங்கிப் பயிற்றினால் நூற்றுக்கணக்கினர்க்கே கற்பிக்கலாம். ஆனால் ஒலிபரப்பு ஒரு நொடியில் பல்லாயிரவரை அடையும். இம்மறுப்பு உண்மையே. ஒருவர்க்கு ஆகும் செலவும் இவ்வழியில் மிகுதி. அறக்கொடை இன்றி இது நடைபெறாது. அவ்வகையில் புரவலர் காலம் இன்னும் முடிந்திலது என்றே கூற வேண்டும். ஆயினும், ஒலிபரப்பு கேட்போரை உண்டாக்கும்; உடனுறைதல் இசைப்போரை உண்டாக்கும். பரப்பிற்கும் வேருக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவன: நால்வர் இசையின் வரலாற்றில் வேத்தியல், பொதுவியல் என்பன இசையின் இருவகைகளாக நிற்கவில்லை, இசைப்போர்க்கும் கேட்போர்க்கும் இடையிலுள்ள உறவின் இருவகைகளாகவே நின்றன. அவ்வுறவினை மாற்ற மேற்கொண்ட வழிகள் மூன்று. உரை, அறியும் வாயிலைத் திறந்தது. விலை, மண்டபத்தின் வாயிலைத் திறந்தது. உடனுறைதல், வாயில் என்பதே வேண்டாதவாறு செய்தது. முன்னை இரண்டும் தேவையானவை. ஆயினும் மூன்றாவதாலேயே கலை ஓர் ஊரின் உடைமையாகின்றது.

தமிழ் இலக்கியம் பயிற்றும் நாமும் இதே வினாவின்முன் நிற்கின்றோம். பாணர் யாழொடு சென்று ஊர்தோறும் பாடிய மரபினையுடைய பாக்கள், இன்று பெரும்பாலும் தேர்வு எழுதுவோர்க்கே உரியனவாக உள்ளன. உரைவழியில் நம் முன்னோர் பெருந்தொண்டு ஆற்றினர். உரைவேந்தர் ஔவை துரைசாமிப் பிள்ளையின் புறநானூற்று உரை ஒன்றே இதற்குச் சாலும். விலைவழியில், மர்ரே எசு. இராசம் 1950-களில் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் எளியோர் கையிலும் சங்க நூல்களைச் சேர்த்தன. எஞ்சியிருப்பது மூன்றாவது வழி. புறநானூற்றினை எளிமைப்படுத்தி ஒருநாள் மேடையிற் பேசி மீள்வது உடனுறைதல் ஆகாது. பட்டம் பெற்ற மாணவர் நால்வர் ஓர் ஊரில் பல்லாண்டு தங்கி, அவ்வூர்ச் சிறுவரோடு ஒரு பாட்டினை மீண்டும் மீண்டும் ஓதி, அவ்வூரார் வழங்கும் சொல்லையும் பாட்டையும் தாமும் கேட்டுக் கற்பராயின் விளைவது யாதாகும்? பிராவிடன்சு நகரத் தெருவொன்றின் கடையறை அதற்கு ஒருவகையில் விடை கூறியுள்ளது. அவ்விடையை நம் சூழலில் ஆராய்ந்து காண்பது நம் துறைகளின் கடமையாகும்.